நாலு விநாடிக் குரல்

வீட்டுக் கதவு சாத்தமாட்டேன் என்கிறது என்று அக்கா போனில் சொன்னபோது, "தச்சு வேலைக்காரர் யாரையாவது கூப்பிட்டு இழைக்கச் சொல்லு" என்று பதில் சொன்னவன் நான். மலைச்சரிவு நகர்வதைக் கண்டுபிடிக்கிற கருவிக்கு புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் சொன்ன பதில் அது. நிலம் நகர ஆரம்பித்தால் முதலில் கோணுவது கதவு நிலைதான் என்பது எங்கள் அலுவலகத்தில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். எனக்கு மட்டும், அது என் அக்கா வீட்டுக் கதவு என்பதால், மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று தோன்றியது.

அக்கா இருப்பது பதுளைப் பக்கம், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிசனில், தொழிலாளர் லயத்தில். நான் பிறந்ததும் அதே லயத்தில்தான். குடும்பத்துக்கு ஒரு அறையாக வரிசையாகச் சில காம்பராக்கள், பின்னால் செங்குத்தாகத் தேயிலை மலை, முன்னால் கொஞ்சம் இறங்கினால் பெரட்டுக்களம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடுகிற மண் திடல் அது. கதவுப் பேச்சு நடந்து சில மாதம் கழித்து, ஆபத்தான சரிவுகள் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்த வரைபடத்தில் அந்த லயம் சிவப்பாக இருந்தது. அக்காவுக்கு உடனே போன் செய்தேன். "கதவ எழைச்சாச்சு தம்பி, இப்ப நல்லா சாத்துது" என்றாள் சந்தோஷமாக. மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

எங்கள் நிறுவனம் சின்னது. கொழும்பில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ஏழெட்டுப் பேர். தலைமைப் பொறியாளர் ஒரு சிங்களப் பெண்மணி, நான் அவருக்கு அடுத்தவன். நாங்கள் செய்தது கம்பத்தில் மாட்டுகிற ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அது மழையை அளக்கும். மலைக்குள் இறக்கிய குழாய்கள் சாய்வதை அளக்கும். இரண்டும் எல்லை தாண்டினால் கம்பத்து உச்சியில் இருக்கும் ஒலிபெருக்கியை அலறவிடும். உள்ளே இருக்கிற மூளை நகத்தளவு சிப். புரோகிராமுக்கு அறுபத்துநாலு கிலோபைட், வேலை செய்ய எட்டு கிலோபைட், அவ்வளவுதான் மெமரி. தினமும் உறவுக்காரர்கள் போனில் அனுப்புகிற காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஏன் இவ்வளவு சிறியது என்று எல்லாரும் கேட்பார்கள். வாரக்கணக்கில் வெயில் வராத மலையில் சூரியத் தகடும் பட்டரியும் அதைத்தான் தாங்கும். அதோடு, உயிர் காக்கிற கருவி கெட்டிக்காரத்தனமாக இருக்க வேண்டியதில்லை. அது என்ன செய்யும் என்பது கடைசி வரி வரை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காகச் சில கண்டிப்புகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது புரோகிராம் கூடுதல் இடம் கேட்கக் கூடாது. எதற்கு எவ்வளவு என்பதை முதலிலேயே பங்கு போட்டுவிட வேண்டும். புரோகிராம் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் அதைத் தட்டி எழுப்பி மறுபடி ஓடவைக்க ஒரு காவல் சுற்று தனியாக இருக்க வேண்டும். மெமரி கெட்டுப்போயிருக்கிறதா என்று பெட்டி தன்னைத்தானே தினமும் சோதித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த வேலை நன்றாக வந்தது. "ஒரே காம்பராவில் ஏழு பேர் படுத்து எழுந்தவன் நான், யார் கால் எங்கே நீட்டும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும்" என்று அலுவலகத்தில் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். லயத்தைச் சொல்லிச் சிரிக்கவைக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒலிபெருக்கியில் என்ன சத்தம் வர வேண்டும் என்ற பேச்சு வந்தது. தலைமைப் பொறியாளர் மனிதக் குரல் வேண்டும் என்றார். குரலுக்கு இடம் ஏது என்று நான் மறுத்தேன். சைரன் என்றால் சில வரிகளில் முடிந்துவிடும். எப்படிப்பட்ட சைரன் என்று அவர் கேட்டார். "தோட்டத்து ஆட்களைப் பற்றியதை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றேன். தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்போம், விடிகாலையில் ஊதுகிற பெரட்டுச் சங்கு என் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது. நீளமாக ஒன்று, சின்ன இடைவெளி, மறுபடி நீளமாக ஒன்று. காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரையும் எழுப்பி நிறுத்துகிற சத்தம். அதே சுருதியில், அதே நீளத்தில் எழுதி ஒலிக்கவிட்டுக் காட்டினேன். "இதைக் கேட்டபிறகு எங்கள் ஆட்கள் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். உள்ளூர் அனுபவத்தைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்று அறிக்கையிலும் எழுதினார்கள்.

பெட்டியை அக்கா லயத்துக்கு மேலே நட்டோம். லயத்துக்கு ஒரு பக்கமாக, மலையோடு சேராமல், பாறை மேட்டில் தோட்டப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மலை வந்தாலும் அந்தப் பாறை அசையாது. சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொன்னோம். சொன்னது நான்தான், தமிழில், படம் வரைந்து. "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சத்தத்தை அன்று ஊதிக் காட்டவில்லை. முன்கூட்டியே தெரிந்தால் ஒத்திகை நாடகமாகிவிடும் என்று மாவட்ட அதிகாரி ஒருவர் நினைத்தார், நானும் ஒத்துக்கொண்டேன்.

வேலை நாளில் ஆட்களை விட முடியாது என்று தோட்டத்துரை சொல்லிவிட்டதால், ஒத்திகையை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தோம். அதிகாரி, தலைமைப் பொறியாளர், நான், மூவரும் பள்ளிக்கூடத்துப் படியில் நின்றோம். கீழே லயம் முழுவதும் தெரிந்தது. நான் பட்டனை அழுத்தினேன்.

சங்கு எழுந்து மலையில் மோதித் திரும்பியது. மறுகணம் கதவுகள் எல்லாம் திறந்தன. சமைத்துக்கொண்டிருந்தவர்கள், துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே வந்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, பிரமாதம் என்றார். எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்லவில்லை. பிறகுதான் பார்த்தேன். பெண்கள் மலைக்குப் போகிறபோது கட்டுகிற படங்கை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. மொத்தக் கூட்டமும் பள்ளிக்கூடத்தின் பக்கம் முகம்கூடத் திருப்பாமல் கீழே இறங்கியது.

பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதினால் அவசரக் கொழுந்து என்று அர்த்தம். கூடுதல் சம்பளம். பிந்தி வந்தவருக்குப் பேர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் முண்டியடித்துக்கொண்டு ஓடி, கங்காணி வாரியாக, வரிசை வரிசையாக, மலையைப் பார்த்து நின்றார்கள். மலை இறங்கினால் மண் முழுவதும் எங்கே வந்து குவியும் என்று நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தோமோ, சரியாக அந்த இடத்தில். சிறு குழந்தைகளையும் தூக்கி வந்திருந்தார்கள். எங்கள் பெட்டி இல்லாவிட்டால் அவரவர் வீட்டில் சிதறி இருந்திருப்பார்கள், சிலராவது தப்பியிருப்பார்கள். என் சங்கு எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டிக் கொடுத்துவிட்டது.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கள் ஆட்கள் ரொம்ப ஒழுங்கானவர்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். அவர் கேலியாகச் சொன்னாரா, உண்மையிலேயே வியந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குக் காது மடல் சுட்டது. தப்பு என்னுடையது என்று அந்தக் கணமே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அவர்கள்மேல் போனது. கூட்டத்துக்கென்று கொண்டுவந்திருந்த கைமைக்கைப் பிடுங்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினேன்.

"எவ அங்க நிக்கிறது? ஏறு மேல! ஏறு! ஏறு!"

அதற்கு முன்னும் பின்னும் கத்தியவற்றை இங்கே எழுத மாட்டேன். அறிவு இருக்கிறதா என்று கேட்டேன், படம் போட்டுக் காட்டியும் விளங்காத ஜென்மங்கள் என்றேன், அதுவரை போதும். என்னை வயிற்றில் இருக்கும்போதே தெரிந்த பெண்கள் அந்த வரிசையில் நின்றார்கள். வாங்க போங்க என்று பேசத்தான் என் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஆனால் ஏறினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசை அப்படியே கலைந்து, கொழுந்துப் பையோடும் கத்தியோடும் பள்ளிக்கூடத்துப் படிகளில் விழுந்தடித்து ஏறினார்கள். செருப்பு கழன்றவர்கள் அதை எடுக்கக் குனியவில்லை. ஒத்திகையில் நான் என்ன வேகத்தை எதிர்பார்த்தேனோ அந்த வேகம். என்னைத் தாண்டிப் போகும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் நின்றவர்களில் அக்காவும் ஒருத்தி என்பதை அவள் என் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போதுதான் கவனித்தேன். மேலே போனபிறகு தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நல்லா இருக்கு தம்பி ஒன் கொரல். நம்ம அப்பா செத்துட்டாருன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

எங்கள் அப்பா கங்காணி. கொழுந்து பறிக்கிற பெண்களை மேய்க்கிற வேலை. மேய்ப்பது என்பது என் வார்த்தை இல்லை, அவரே சொல்வது. இந்த மலையில் நின்று அவர் கத்தினால் அடுத்த மலையில் குனிந்து நிற்பவளுக்குக் கை வேகமாக ஓடும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக அந்தக் குரல் வரும். அவர் திட்டுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் அம்மாவை. அவன் என்னைப் பார்ப்பான், நான் கொப்பியைப் பார்ப்பேன். அக்கா சின்ன வயதிலேயே அவருடைய கும்பலில் சேர்ந்தாள். மகள் என்று சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, அவளுக்கு மற்றவர்களைவிட ஒரு பங்கு திட்டு கூடவே விழும். அந்த மலையில் நின்று கத்துகிற ஆளாக மட்டும் ஆகிவிடக் கூடாது என்றுதான் நான் படித்தேன். வேறு பெரிய லட்சியம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு தலைமைப் பொறியாளர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் கொஞ்சம் சண்டையாவது போட்டிருப்பேன். சங்கை எடுத்துவிட்டு, ஏறி இறங்குகிற வேறொரு சைரனை வைத்துப் பார்த்தோம். எல்லாரும் வாசலில் வந்து நின்று அம்பியூலன்ஸ் யாருக்கு வந்திருக்கிறது என்று விசாரித்தார்கள். சிலர் கம்பத்துக்கே ஏறி வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். வெறும் சத்தம் ஏதோ நடக்கிறது என்று சொல்லும், எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லாது. குரல்தான் வேண்டும் என்று அவர் முதல் நாளே சொன்னது சரி.

பெட்டிகள் செய்து முடித்து மலைகளில் நட்டாகிவிட்டது. சிப்பை மாற்றினால் சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். இருக்கிற மெமரிக்குள்தான் குரலை நுழைக்க வேண்டும். புரோகிராமைப் பிரித்துப் போட்டு, இல்லாவிட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லாத பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பழுது பார்ப்பவருக்காக எழுதியிருந்த விளக்கச் செய்திகள் போயின. அளவுகளை மாற்றிவைக்க நான் ரசித்து ரசித்துச் செய்த திரை போனது. காவல் சுற்றையும் மெமரிச் சோதனையையும் தொடவில்லை. கடைசியில் ஒன்பது கிலோபைட் தேறியது. தகர டப்பாவுக்குள் பேசுவது போன்ற தரத்தில், நாலு விநாடி.

கொழும்பில் ஒரு அறிவிப்பாளரை வைத்துப் பதிவு செய்தோம். அவர் "அன்பார்ந்த தோட்டத்துப் பொதுமக்களே" என்று முடிப்பதற்குள் மெமரி முடிந்துவிட்டது. சுருக்கிப் பேசச் சொன்னோம். அழகான குரல். லயத்தில் ஒலிக்கவிட்டபோது எல்லாரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள், கோயிலில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அடுத்து அக்காவையே பேச வைத்தேன். "பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க." அதற்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து, "இந்தா வாறேன், சோத்த எறக்கி வச்சுட்டு வாறேன்" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் சோறு வெந்து, வடித்து, மூடி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அன்று அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அன்னைக்கி நீ கத்துனப்ப ஏறுனாங்கல்ல. அதையே வையி."

"அது முடியாதுக்கா."

"ஏன்?"

"அசிங்கமா இருக்கு."

"திட்டு வாங்குனது நாங்க. அசிங்கம் ஒனக்கா?" என்றாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் மாறிவிட்டது. "இந்த மழைக்கி மல வருமா வராதான்னு படுத்தா தூக்கம் வர்றதில்ல. நீ என்னடான்னா மானத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். 

அதற்குப் பிறகும் ஒரு குறுக்கு வழி தேடினேன். அதே வார்த்தைகளை, கொஞ்சம் மரியாதை சேர்த்து, பதிவு அறையில் நின்று சொல்லிப் பார்த்தேன். நாடகத்துக்கு வசனம் ஒப்பிப்பவன் போல இருந்தது. வேண்டுமென்றே கத்தினால் அந்தக் குரல் வர மறுத்தது. அசல் எங்கே கிடைக்கும் என்றால், அன்றைய ஒத்திகை முழுவதையும் தலைமைப் பொறியாளர் தன் போனில் வீடியோ எடுத்திருந்தார். கேட்டேன். அதை என்னோடு சேர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. தயவுசெய்து மேலே ஏறுங்கள் என்கிறேன் என்று மொழிபெயர்த்தேன். அவர் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். "தமிழில் தயவுசெய்து என்பதை இப்படித்தான் சொல்வார்களா?" என்று கேட்டார். நான் போனை வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

ஒரு முழு நாள் காதில் மாட்டிக்கொண்டு என் குரலையே கேட்டேன். மூச்சை வெட்டி, காற்றுச் சத்தத்தை வெட்டி, நாலு விநாடிக்குள் கொண்டுவர வேண்டும். "எவ அங்க நிக்கிறது" என்பதை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். எடுத்துவிட்டு ஒலிக்கவிட்டால், ஏறு மேல என்பது வேறு யாருக்கோ சொல்வது போல இருந்தது. தன்னைத்தான் பார்த்துவிட்டார்கள் என்று ஒவ்வொருவரையும் திடுக்கிட வைப்பது அந்த முதல் கேள்விதான். அப்பாவுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அதையும் வைத்தேன்.

அடுத்த ஒத்திகையில் லயம் முழுவதும் ஏறியது. அடுப்பில் இருந்ததை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஏறியது. அதிகாரிக்குப் பரம திருப்தி. அன்றிலிருந்து என் வசவு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு பிட்கூடக் கெடாமல் இருக்கிறதா என்று பெட்டி தினமும் சரிபார்த்து, சரி என்று கொழும்புக்கு ஒரு செய்தி அனுப்பும். அலுவலகத்தில் எல்லாரும் அந்தச் செய்தியைப் பார்த்து நிம்மதியாவார்கள். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் கன்னத்தில் அறைவது போல இருக்கும்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. பதுளைப் பக்கம் விடாமல் கொட்டுகிறது என்று அக்கா போனில் சொன்னாள், வேலை நிறுத்தி எல்லாரும் லயத்தில்தான் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் நான் அலுவலகத்தில் இருக்கும்போது பெட்டியிலிருந்து செய்தி வந்தது. மழை எல்லை தாண்டியது, குழாய்கள் எல்லை தாண்டின, ஒலிபெருக்கி ஓடுகிறது. அப்போது என் மனதில் முதலில் எழுந்தது என்னவென்றால், ஐயோ, இப்போது எல்லாருக்கும் நான் திட்டுவது கேட்டுக்கொண்டிருக்குமே என்பதுதான். அவர்கள் உயிரைப் பற்றிய பயம் அதற்கு அடுத்துத்தான் வந்தது. இந்த வரிசையை நினைத்து நான் பட்ட வெட்கத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

அக்கா போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். தலைமைப் பொறியாளர் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சிறிது நேரத்தில் பெட்டியின் செய்திகளும் நின்றுபோயின. கம்பம் போய்விட்டது என்று அர்த்தம். அழ வேண்டும் போல இருந்தது, அழுகை வரவில்லை.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல், குழந்தைகளின் அழுகை.

"எல்லாரும் ஏறிட்டோம் தம்பி. எண்ணிப் பாத்தாச்சு, எல்லாரும் இருக்கோம். மல எறங்கிருச்சு. நம்ம வீடு இல்ல. பெரட்டுக்களமே இல்ல."

"நீ நல்லாருக்கியா?"

"நீ கத்துனதும் ஓடி வந்துட்டேன்" என்றாள். பிறகு அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

மறுநாள் போனேன். தலைமைப் பொறியாளரும் வந்தார். பதுளையில் ஒரு வேன் பிடித்து, பாய்களும் பால்மாவும் பிஸ்கட்டும் வாங்கி ஏற்றிக்கொண்டோம். வேன் டிரைவர் பதுளைக் கடைவீதிக்காரர், வயதில் மூத்த முஸ்லிம், அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்று கூப்பிட்டேன். மண் மூடாத பின்பக்கப் பாதையில் பள்ளிக்கூடத்துப் படிக்குக் கீழ் வரை கொண்டுவந்து சேர்த்தார். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. ஓரமாகத் தப்பிய சில காம்பராக்கள் கூரை இல்லாமல் நின்றன. பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று என்னால் கைகாட்டிச் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரும் இருந்தார்கள். ஈரத் துணி கொடியில் தொங்கியது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். "ஒங்க பொட்டிதான் தம்பி எங்கள காப்பாத்துச்சு" என்று பெண்கள் வந்து கையைப் பிடித்தார்கள். ஒருத்தர் என் கன்னத்தைத் தடவிக் கும்பிட்டார். அன்றைக்கு நான் கத்தியதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது, மன்னித்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் முதல்முறையாக மனது லேசாக இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பலர் அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

கீழே டிரைவர் நானா பால்மாப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எந்த வழியாக வருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் மண்டபத்து விறாந்தையில் வந்து நின்று கையை ஆட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"நானா, ஏன் அங்க நிக்கிறீங்க? மேல கொண்டாங்க! மேல!" என்று உரக்கக் கத்தினேன்.

எனக்குப் பின்னால் பாய்கள் சரசரவென்று சுருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. குழந்தைகள் இடுப்புக்கு ஏறியிருந்தார்கள், மூட்டைகள் கைக்கு வந்திருந்தன. தூக்கம் கலையாத கண்களோடு எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கத்தவில்லை. சொன்னால் அடுத்த அடி எடுத்து வைக்கத் தயாராக, முதுகு சற்றே குனிந்து, ஒழுங்காக நின்றார்கள்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. தம்பி வேன்காரரக் கூப்புடுது, வேற ஒண்ணுமில்ல" என்று அக்கா கையைக் காட்டிச் சொன்னாள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், சிலர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். சுவரோரம் நின்ற ஒரு வயதான அம்மா மட்டும் உட்காரவில்லை. அப்பாவின் கும்பலில் பல வருடம் கொழுந்து எடுத்தவர், நான் தவழ்ந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர். மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், உண்மையிலேயே வழி கேட்பவராக, பணிவாகக் கேட்டார்.

"இதுக்கு மேல எங்க ஐயா ஏற?"

எங்கும் ஏற வேண்டாம் அம்மா, உட்காருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அக்காதான் போய் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.